எடைக்கு வராத நிறம்

ஏலக்காயை எடை போட்டு விற்கிறார்கள் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பாதி உண்மை. போடிநாயக்கனூர் வியாபாரி தராசைத் தொடுவதற்கு முன்னால் காயை அள்ளி உள்ளங்கையில் பரப்பிக்கொள்கிறார். வெளிச்சம் விழும் பக்கமாகத் திரும்பி நின்று பார்க்கிறார். காய் பருமனா, வாய் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பது ஒரு புறம் இருக்கட்டும். பச்சை எப்படி இருக்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். ஒரே தோட்டத்துக் காய், ஒரே எடை; ஆனால் ஒரு குவியல் நல்ல பசுமை, இன்னொன்று வெளிறல். இரண்டுக்கும் ஒரே விலை கேட்டால் அவர் சிரித்து விடுவார்.

அந்தப் பச்சை தானாக நிற்பதில்லை. மலைமேல் பறித்த காயை வெயிலில் போட்டுவிட்டால் வெளுத்துப் போகும். அதற்காகத்தான் தோட்டங்களில் 'ஸ்டோர்' என்று ஒரு கட்டடம் வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு பகலும் இரவும், 45, 50 டிகிரிச் சூட்டில், உள்ளே வெந்காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஏறினால் காய் பழுப்பாகும். இறங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். ஐந்து கிலோ பச்சைக் காய் போட்டால் ஒரு கிலோ உலர்ந்த காய் எடுக்கலாம். அப்புறம் கிட்டங்கிகளில் பெண்கள் உட்கார்ந்து தரம் தரமாகப் பொறுக்கிப் பிரிக்கிறார்கள். ஆக, இந்த ஊரில் நிறம் என்பது கண்ணுக்கு அழகு மட்டும் அன்று, ரொக்கம்.

இப்படி நிறத்துக்குக் காசு கொடுத்துப் பழகிய ஊரைச் சேர்ந்தவன் என்பதாலோ என்னவோ, பழைய தங்கக் கடிகாரங்களின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தபோது என் மனம் ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டது. பொன்னின்மேல் எனாமல் வேலை செய்த பைக்கடிகாரங்களைப் பற்றிச் சொல்கிறேன். முந்நூறு நானூறு ஆண்டுகளுக்கு முன் தீயில் வைத்து எடுத்த நீலமும் பச்சையும் சிவப்பும் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அவற்றுள் எத்தனையோ கடிகாரங்கள் இன்று இல்லை. திருடு போயும் தீப்பிடித்தும் அழிந்தவை சில. தராசில் ஏற்றப்பட்டு அழிந்தவை பல. தராசு பொன்னை மட்டுமே எடை போட்டது. நிறத்தைக் கழிவு என்று தள்ளிவிட்டது.

எனாமல் என்றதும் நமக்கு வெள்ளைக் குவளையும் வீட்டு எண் பலகையும் நினைவுக்கு வரும். அடிப்படை ஒன்றுதான். எனாமல் என்பது கண்ணாடி. மணலும் காரமும் ஈயமும் சேர்த்து உருக்கிய கண்ணாடியில் உலோகங்களின் துருவைக் கலந்தால் நிறம் பிறக்கிறது. கோபால்ட் கலந்தால் நீலம். செம்பு கலந்தால் பச்சை. மாங்கனீஸ் கலந்தால் ஊதா. வெள்ளீயம் கலந்தால் பால் வெள்ளை. எல்லாவற்றிலும் விசித்திரம், நல்ல ரத்தச் சிவப்புக்கும் ரோஜா நிறத்துக்கும் தங்கத்தையே கரைத்துச் சேர்க்க வேண்டும். இப்படிச் செய்த கண்ணாடியை மாவாக அரைத்து, கழுவி, பொன் தகட்டின்மேல் பரப்பி, உலையில் வைக்கிறார்கள். சூடு 800 டிகிரியை ஒட்டி நிற்கிறது. ஒரு நிமிஷம், சில சமயம் அதுவும் இல்லை. மாவு உருகிப் பளபளவென்று பொன்னோடு ஒட்டிக்கொள்கிறது.

சொல்வதற்கு எளிது. சுத்தத் தங்கம் உருகுவது 1064 டிகிரியில். கடிகாரக் கூட்டுக்குப் பயன்படும் கலப்புத் தங்கமோ அதற்கும் முன்னதாகவே இளகிவிடும். கண்ணாடி உருக வேண்டும், பொன் இளகக் கூடாது. அந்தக் குறுகிய இடைவெளியில் ஒரு மனிதன் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு, உலையின் வாய்க்குள் கண்ணைப் பதித்து நிற்க வேண்டும். வெப்பமானி இல்லாத காலத்தில் உலையின் உட்புறம் எந்தச் சிவப்பில் இருக்கிறது என்று பார்த்துத்தான் சூட்டை அறிந்தார்கள்.

ஒரு தடவை சுட்டால் போதுமா? போதாது. எல்லா நிறமும் ஒரே சூட்டைத் தாங்காது. அதிகச் சூடு தாங்கும் நிறத்தை முதலில் சுட வேண்டும். தாங்காததைக் கடைசியில் சுட வேண்டும். கடிகார மூடியில் ஒரு முகமும் பூங்கொத்தும் தீட்ட வேண்டுமென்றால், நாலைந்து மயிர் மட்டுமே உள்ள தூரிகையால், எண்ணெயில் குழைத்த நிறத்தைத் தொட்டுத் தொட்டு வைத்து, பத்து தடவையும் அதற்கு மேலும் உலைக்குள் அனுப்ப வேண்டும். ஒன்பதாவது தடவையில் ஒரு விரிசல் விட்டால் எட்டுத் தடவைப் பாடும் போயிற்று. எழுத்தாளனாவது அடித்துவிட்டுத் திருப்பி எழுதலாம். இவனுக்கு அந்த வசதி கிடையாது.

இன்னொரு நுட்பம் என்னை மிகவும் கவர்ந்தது. தகட்டின் வெளிப்புறத்தில் மட்டும் எனாமல் பூசினால், ஆறும்போது கண்ணாடியும் உலோகமும் வேறு வேறு அளவில் சுருங்கும். தகடு வளைந்து கண்ணாடி தெறித்துவிடும். ஆகையால் உட்புறத்திலும் எனாமல் பூசிச் சமன் செய்ய வேண்டும். தேவைக்காகச் செய்த அந்த உட்பூச்சையும் பழைய தொழிலாளிகள் வெறுமனே விடவில்லை. கடிகார யந்திரத்துக்குப் பின்னால், கூட்டைத் திறந்து பார்த்தாலொழியத் தெரியாத இடத்தில், ஒரு சிறு ஆறும் பாலமும் மரமும் வீடும் தீட்டி வைத்தார்கள்.

இந்தச் சித்திர எனாமல் பிறந்தது பிரான்சில். எனாமல் அதற்கு எவ்வளவோ முற்பட்டது. ஆனால் வெள்ளை எனாமல் பூசிய பொன்னின்மேல், காகிதத்தில் தீட்டுவது போலப் பல நிறங்களில் சித்திரம் தீட்டிச் சுடும் முறையை 1630ஐ ஒட்டி வளர்த்தெடுத்தவர் ழான் தூத்தேன் என்ற பொற்கொல்லர். பக்கத்திலேயே புளுவா நகரில் கடிகாரக்காரர்கள் இருந்தார்கள். இரண்டு தொழிலும் கைகோத்துக்கொண்டன.

அந்தக் காலத்துக் கடிகாரம் நேரம் சொல்வதில் மகா மோசம். 1675ஐ ஒட்டி மயிர்ச்சுருள் என்னும் மெல்லிய வில் வந்து சேரும் வரையில், ஒரு நாளைக்குக் கால் மணி, அரை மணி தவறுவது சர்வ சாதாரணம். நேரம் பார்க்கவா பிரபுக்கள் அதை வாங்கினார்கள்? கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கத்தான் வாங்கினார்கள். கடிகாரத்தில் முதலில் முழுமை பெற்றது காலம் அன்று, நிறம்.

பிறகு மதச் சண்டை வந்தது. பிரான்சில் பிராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த உரிமையை 1685ல் பதினான்காம் லூயி ரத்துச் செய்தான். எனாமலில் முகச்சித்திரம் தீட்டுவதில் நிகரற்றவர் என்று பெயர் பெற்ற ழான் பெத்தித்தோ அந்த அரசனுக்கே ஊழியம் செய்தவர். எழுபது வயதைக் கடந்த அந்தக் கிழவரை மதம் மாறச் சொல்லிச் சிறையில் அடைத்தார்கள். பின்னர் அவர் ஸ்விட்ஸர்லாந்துக்குப் போய், 1691ல் அங்கேயே காலமானார். அவரைப் போலத் தொழில் தெரிந்த எத்தனையோ பேர் ஜினீவாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு நாட்டை விட்டு ஓடுகிறவன் வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கையில் உள்ள வித்தையைக் கொண்டுபோகலாம் அல்லவா?

ஜினீவா ஒரு வேடிக்கையான ஊர். பதினாறாம் நூற்றாண்டில் கால்வின் என்ற மதத்தலைவரின் கண்டிப்பால் அங்கே ஆடம்பர நகைகளுக்குத் தடை வந்தது. தட்டார்களுக்கு வேலை போயிற்று. கடிகாரம் பயனுள்ள பொருள் என்பதால் அவர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள் என்று சொல்வார்கள். நகை வேண்டாமென்று ஒதுக்கிய ஊர், நகையைவிட அழகான கடிகாரத்தைச் செய்து உலகத்துக்கு விற்றது. 1601லேயே அங்கே கடிகாரத் தொழிலாளருக்குச் சங்க விதிகள் ஏற்பட்டுவிட்டன. ஸேன் ழெர்வே என்ற பேட்டையில், வெளிச்சம் வேண்டும் என்பதற்காக வீடுகளின் மேல்மாடியில், பெரிய ஜன்னல்களுக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். கூடு செய்பவன் ஒருவன், செதுக்குபவன் ஒருவன், எனாமல் சுடுபவன் ஒருவன், மெருகு போடுபவன் ஒருவன். ஒரு கடிகாரம் முடிவதற்குள் தெருவில் பல மாடிப்படிகளை ஏறி இறங்கிவிடும்.

அந்தச் சூழ்நிலையில் வளர்ந்தவர்தான் ரூசோ. அவருடைய தந்தை கடிகாரத் தொழிலாளி. கான்ஸ்டாண்டிநோபிளில் சுல்தானின் அரண்மனைக் கடிகாரங்களைக் கவனித்துக்கொண்டு சில வருஷங்கள் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். அதன் பிறகு, 1712ல், ரூசோ பிறந்தார். ரூசோவோடு ஒத்துப்போகாத வால்டேரும் கடிகாரத்தில் கைவைக்காமல் விடவில்லை. 1770ல், ஜினீவாவில் தகராறு ஏற்பட்டு வெளியேறிய தொழிலாளிகளைத் தம்முடைய பெர்னே கிராமத்தில் குடியேற்றி, தொழிற்சாலை வைத்துக் கொடுத்து, ருஷ்யச் சக்கரவர்த்தினி காதரீனுக்குக்கூடக் கடிகாரம் விற்றார். பேனா பிடித்த கை வியாபாரத்துக்கு உதவாது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் இந்த எனாமல் கடிகாரங்களை வாங்கிக் குவித்தவர்கள் மேற்கத்தியர் மட்டும் அல்லர். துருக்கியும் சீனாவும் பெரிய சந்தைகள். தேயிலையும் பட்டும் வாங்கக் காண்டன் துறைமுகத்துக்குப் போன கப்பல்களில் கடிகாரங்கள் போயின. 1822ல் தொடங்கிய போவே கம்பெனி அந்த வியாபாரத்தையே நம்பி நின்றது. சீனாவுக்குச் செய்த கடிகாரங்களைப் பல சமயம் ஜோடியாகச் செய்தார்கள்; ஒன்றின் மூடியில் உள்ள சித்திரம் மற்றதில் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறியிருக்கும். பரிசுப் பொருளை இரட்டையாகக் கொடுப்பது அந்நாட்டு வழக்கம். 1860ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பீகிங்கின் கோடை அரண்மனையைக் கொள்ளையிட்டபோது சிப்பாய்கள் கடிகாரங்களைப் பை பையாக அள்ளினார்கள். பல ஜோடிகள் அன்றைக்குப் பிரிந்தன.

நம் நாட்டுக்கு எனாமல் புதிது அன்று. வடக்கே அதற்கு மீனாகாரி என்று பெயர். அக்பரின் தளபதியான ஆம்பர் ராஜா மான்சிங் லாகூரிலிருந்து தொழிலாளிகளை அழைத்துவந்தான் என்பது ராஜஸ்தானத்து மரபுச் செய்தி. ஜயப்பூர்ச் சிவப்பும் லக்னோ நீலமும் காசியின் ரோஜா நிறமும் பேர் பெற்றவை. அங்கும் கடைசியாகச் சுடுவது சிவப்புத்தான். அங்கும் ஓர் அதிசயம் உண்டு: நகையின் முன்புறம் வைரமும் கெம்பும் ஜொலிக்கும், உடம்பில் படும் பின்புறத்தில்தான் எனாமல் பூக்கள் மலர்ந்திருக்கும். அணிந்தவளுக்கு மட்டுமே அது தெரியும். ஜினீவாக்காரன் கடிகாரத்தின் உட்புறத்தில் தீட்டிய ஆற்றையும் மரத்தையும் நினைத்துக்கொண்டேன். ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு ஊர்த் தொழிலாளிகளும் ஒரே குணம் படைத்தவர்களாக இருந்திருக்கிறார்கள்.

தெற்கே நம் ஆசாரிமார்கள் கல் பதிப்பதில் வல்லவர்கள். சிவப்பு வேண்டுமானால் கெம்பு, பச்சை வேண்டுமானால் மரகதம் என்று போய்விட்டார்கள். எனாமல் இங்கே பெரிய தொழிலாக வேரூன்றவில்லை. ஆனாலும் கடிகாரத்தின் வழியாக அது நம் வீட்டுக்குள் நுழைந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்டு ஸன்ஸ் என்ற கடிகாரக் கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பிரசித்தம். பம்பாயில் வெஸ்ட் எண்ட் கம்பெனி. சங்கிலி கோத்த பைக்கடிகாரத்தின் வெள்ளை முகம் இருக்கிறதே, அதுவும் எனாமல்தான். செம்புத் தகட்டின்மேல் சுட்ட வெள்ளைக் கண்ணாடி. போடிக்கு 1928ல் ரயில் வந்தது. கடிகாரத்தைப் பார்த்துக் கொடி அசைத்த அக்காலத்து ரயில்வேக்காரர்களின் கையில் இருந்ததும் அப்படிப்பட்ட முகந்தான். அக்காலத்துக் காகிதமெல்லாம் மஞ்சள் பூத்துவிட்டது. எங்கள் ஊர் அரண்மனையின் சுவர்ச் சித்திரங்களும் வருஷத்துக்கு வருஷம் மங்குகின்றன. எனாமல் முகம் மட்டும், கீழே விழாமல் இருந்தால், வெள்ளையாகவே இருக்கிறது.

தங்கக் கடிகாரங்களுக்கு இந்த ஆயுள் கிட்டவில்லை. செம்புத் தகட்டை யாரும் உருக்குவதில்லை. பொன்னை உருக்காமல் விடுவதில்லை. முதல் மகாயுத்தத்தின்போது ஜெர்மனியில், தேசத்துக்குப் பொன் கொடு, பதிலுக்கு இரும்பு வாங்கிக்கொள் என்று மக்களிடம் கேட்டார்கள். தங்கச் சங்கிலிக்குப் பதிலாக இரும்புச் சங்கிலி மாட்டிக்கொள்வது பெருமையாயிற்று. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்க நாணய முறையைக் கைவிட்டதும் நம் நாட்டில் பொன் விலை ஏறியது. விளைபொருள் விலையோ பாதாளத்தில் கிடந்தது. வரி கட்டவும் கடன் தீர்க்கவும் வழியில்லாத குடும்பங்கள் வீட்டுப் பொன்னை விற்றன. பம்பாய்த் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக அது லண்டனுக்குப் போயிற்று. 'துயரத் தங்கம்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். வயிறு காய்ந்தவனைப் பார்த்து, ஏனப்பா வேலைப்பாட்டை அழித்தாய் என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் அந்தக் கட்டிகளுக்குள் என்னென்ன வேலைப்பாடு கரைந்து போயிற்று என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த வயதான ஆசாரி ஒருவரிடம், ஜினீவாக் கடிகாரம் ஒன்றின் படத்தைக் காட்டினேன். நீல மூடி, நடுவில் பூக்கூடை, விளிம்பைச் சுற்றி முத்து. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, இதை என்கிட்ட அழிக்கக் கொண்டாந்தா, முதல்ல இந்த நீலத்தையும் பச்சையையும் தட்டி உதுத்துருவேன். இல்லாட்டி மூசையில வெங்காரத்தோட சேந்து கசடா மேல மிதக்கும். எடைக்கு வராதுல்ல? கண்ணாடிக்கு யாரு காசு குடுப்பா?" என்றார்.

நான் படத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"இருங்க. பொன்னு இளகாம இம்புட்டுச் சூட்டுல வச்சிருக்கான். அதுவும் ஒரு தடவை இல்ல. பத்து வைக்கிற எங்களுக்குத் தெரியும் தம்பி, அரை நொடி தப்பினாப் போச்சு. இவன் பெரிய ஆளுதான். பேரென்ன?" என்று கேட்டார்.

பெயர் எனக்குத் தெரியாது. கடிகாரத்தின் முகத்தில் கம்பெனியின் பெயர்தான் இருந்தது. எனாமல்காரர்களில் கையெழுத்துப் போட்டவர்கள் சிலரே. ஜினீவாவில் ஹுவோ சகோதரர்கள் தங்கள் வேலையில் பெயர் பொறித்தார்கள். அவர்களில் இருவர் 1686ல் பிராண்டன்பர்க் அரசரின் ஆஸ்தான ஓவியர்களாகப் பெர்லினுக்குப் போனார்கள். அவர்களைப் போன்றோரை விட்டால், பெரும்பாலோர் பெயரின்றிப் போனவர்கள். விற்றவன் பெயர் நின்றது. வாங்கிய அரசன் பெயர் நின்றது. உலைக்கு முன் நின்றவன் பெயர் நிற்கவில்லை.

ஆசாரி அவ்வளவு ஆதங்கத்தோடு பெயரைக் கேட்டதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்று சட்டம் போட்டபோது, நாடு முழுவதும் பட்டறைகள் அணைந்தன. பரம்பரைத் தொழிலாளிகள் பலர் பட்டினி கிடந்தார்கள். சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். 1966ல் அந்த விதி தளர்ந்தது. 1968ல் மறுபடி ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம். 1990ல்தான் அது ரத்தாயிற்று. பொன் எவ்வளவு இருக்கிறது என்று சர்க்கார் கணக்குப் பார்த்தது. பொன்னை வேலைப்பாடாக மாற்றத் தெரிந்த கைகள் எத்தனை என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. கட்டுப்பாடு போய்ப் பொன் திரும்ப வந்தது. வேறு பிழைப்புக்குப் போன கைகளில் பல திரும்பவே இல்லை.

கடிகாரத்தின் கதையில் இதற்குப் பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. 1969ல் ஜப்பானில் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் வெளிவந்தது. சில நூறு ரூபாய்க் கடிகாரம், அரசர்கள் கட்டிய கடிகாரத்தைவிடச் சரியாக நேரம் சொல்லத் தொடங்கியது. ஸ்விட்ஸர்லாந்தில் தொழிற்சாலைகள் வரிசையாக மூடின. பல் சக்கரக் கடிகாரத்தின் கதை முடிந்தது என்றார்கள். முடியவில்லை. நேரம் சொல்லும் வேலை போன பிறகு அதனிடம் என்ன மிஞ்சியது என்று பார்த்தார்கள், மிஞ்சியது கைவேலைதான். சுஸான் ரோர், அனிதா போர்ஷே என்ற இரண்டு பெண்மணிகள், ஏறக்குறைய அற்றுப்போயிருந்த எனாமல் வித்தையைக் கையில் பிடித்துக் காப்பாற்றியவர்களில் முக்கியமானவர்கள். 2001ல் ஜினீவாவில் பாடெக் பிலிப் கம்பெனி திறந்த மியூசியத்தில் பழைய எனாமல் கடிகாரங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவற்றில் எதையும் யாரும் எடை போட்டு மதிப்பதில்லை.

நம் வீடுகளில் அவ்வளவு பெரிய பொருள் இருக்காது என்பீர்கள். இல்லாமல் இருக்கலாம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்விட்ஸர்லாந்தில் பெண்களுக்கென்று செய்த சின்னஞ்சிறு தங்கக் கடிகாரங்கள் இந்தியாவுக்கும் வந்தன. கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொள்வது. மூடியில் ஒரு பூவோ பறவையோ எனாமலில் இருக்கும். பாட்டியின் பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தால், ஓடவில்லையே என்று அவசரப்படாதீர்கள். அதைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். மற்ற நகைகளோடு உரசும்படி போட்டு வைக்க வேண்டாம். மெல்லிய துணியில் தனியாகச் சுற்றி வையுங்கள். ஓரத்தில் எனாமல் சிறிது பெயர்ந்திருந்தால், யாரிடமும் கொடுத்துச் சுடச் சொல்லாதீர்கள்; மறுபடி உலைக்குள் போனால் மிச்சமும் தெறித்துவிடக் கூடும். முக்கியமாக, பழைய வேலைப்பாடு தெரிந்தவரிடம் காட்டுவதற்கு முன்னால் தராசில் வைக்காதீர்கள்.

தராசு பொய் சொல்வதில்லை. தன் தட்டில் கனப்பதை மட்டுந்தான் அது சொல்லும். மிச்சத்தைக் கண்தான் சொல்ல வேண்டும். ஏலக்காயை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்க்கிற எங்கள் ஊர் வியாபாரிக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அவர் வீட்டுப் பெட்டகத்தைத் திறக்கிறபோதும் அதே கண்ணைக் கொண்டுபோனால் போதும்.